முதுகில் எழுதியிருந்தது

ஜூலை 14 நெருங்கினால் எங்கள் வீட்டில் புளிக்கும் விபூதிக்கும் கூடுதல் வேலை வந்துவிடும். பெரியப்பாவின் மெடல்களைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது என் பொறுப்பு. புதுவையில் அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு சொல்தா வீடு உண்டு. பிரெஞ்சுப் படையில் இருந்து பான்சியோன் வாங்குகிறவர்கள். பெரியப்பா 1946-ல் சேர்ந்தவர். இந்தோசீனா, பிறகு அல்ஜீரியா, 1962-ல் ஊர் திரும்பினார். பதினாறு வருடச் சேவையில் அவர் கொண்டுவந்தது ஒரு இரும்புப் பெட்டி, ஒரு ரேடியோ, ஒரு பிஸ்கட் டின். அந்த டின்னுக்குள்தான் மெடல்களும் பேட்ஜுகளும்.

மெடல்கள் இடது மார்பில். அவற்றில் 1953-ல் ஏற்படுத்தப்பட்ட இந்தோசீனப் போர் நினைவு மெடல் எனக்குப் பிடித்தது. அதில் மூன்று தலை யானை ஒன்று இருக்கும், நம் ஐராவதம் போல. வலது மார்பில் சட்டைப் பையின் பொத்தானிலிருந்து ஒரு சிறிய தோல்பட்டை, அதில் ரெஜிமெண்டு பேட்ஜ். பொன்னிற நங்கூரம், அதன் பின்னால் கடல் போல நீல எனாமல். மெடலைவிட அந்த நீலத்தில்தான் என் கண் நிற்கும்.

1963 என்று நினைவு. எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. மெடல்களோடு பேட்ஜையும் சேர்த்துப் புளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டேன். காலையில் செங்கல் பொடி வைத்துத் தேய்த்தேன். நங்கூரத்தின் தங்க நிறம் போய்ச் செம்பு தெரிந்தது. பதறிப்போய் இன்னும் அழுத்தித் தேய்த்ததில் கை வழுக்கித் துவைக்கிற கல்லில் விழுந்தது. எள் அளவு நீலம் தெறித்தது. தேடி எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன், எள் அல்ல, சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பெயர்ந்திருந்தது.

பெரியப்பா வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருடம் கடற்கரையில் போர் நினைவுச் சின்னத்தின் முன்னால் பேட்ஜ் இல்லாமல் போய் நின்றார். அடுத்த வருடத்திலிருந்து மெடல் தேய்க்க என்னைக் கூப்பிடவில்லை. பல வருடம் கழித்து, நான் செக்ரெத்தாரியாவில் ஃபைல் தூக்கிக்கொண்டிருந்த நாளில், ஒரு ஜூலை 14 அன்று அவர் சட்டையில் பேட்ஜ் மறுபடி தொங்கியதைப் பார்த்தேன். யாரிடமோ கொடுத்துச் சரிசெய்துவிட்டார் என்று நினைத்து, ஒரு பாரம் இறங்கியவனாக வீட்டுக்கு வந்தேன்.

அந்தக் குற்ற உணர்ச்சிதான் என்னை இந்தப் பேட்ஜுகளின் பக்கம் தள்ளியது என்று இப்போது தோன்றுகிறது. ஓய்வுபெற்ற பிறகு காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய பூட்டு, பேனா, நாணயங்களுக்கு நடுவில் ஒன்றிரண்டு கிடைக்கும். வாங்கி வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். பிரெஞ்சு வழியில் படித்ததால் பின்பக்க எழுத்துகளைப் படிக்க முடிந்தது. அது பெரிய உதவி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பிரெஞ்சுப் படையில் இந்த ரெஜிமெண்டு பேட்ஜ் மிகப் பழைய வழக்கம் ஒன்றும் அல்ல. நெப்போலியன் காலத்துச் சிப்பாய்க்கு இது கிடையாது. முதல் உலகப் போரில் விமானப் படைக்காரர்கள் தங்கள் விமானத்தின் பக்கவாட்டில் ஆளுக்கொரு சின்னம் வரைந்துகொண்டார்கள். புகழ்பெற்ற விமானி கினெமேரின் பிரிவுக்கு நாரை. டாங்கிப் படைக்காரர்கள் ஒரு பிரிவை இன்னொன்றிலிருந்து பிரித்தறியச் சீட்டுக்கட்டின் ஸ்பேடு, ஆட்டின், டைமன், கிளாவரை வரைந்தார்கள். போர் முடிந்த பிறகு இரும்பில் இருந்த ஓவியம் சட்டைக்கு வந்தது. 1930களில் ஏறக்குறைய ஒவ்வொரு ரெஜிமெண்டும் தனக்கென்று எனாமல் பேட்ஜ் செய்துகொண்டது. ஜெர்மனி எல்லையில் மாழினோ கோட்டைகளில் இருந்த படைக்கு ‘யாரும் கடக்க முடியாது’ என்ற வாசகத்தோடு வட்டமான பேட்ஜ். 1940-ல் ஜெர்மானியர் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். பேட்ஜ் மட்டும் இன்றும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

சிப்பாய்கள் இதற்கு வைத்த செல்லப் பெயர் ‘புசேல்’. கன்னிப்பெண் என்று பொருள். ழான் தார்க்கைக் குறிக்கும் சொல்லும் அதுவே. பெரியப்பாவும் அவர் நண்பர்களும் திண்ணையில் உட்கார்ந்து ‘என் புசேல் எங்கே’ என்று கேட்டுச் சிரிப்பார்கள். லிசேயில் படித்த எனக்குப் பொருள் புரியும், சிரிக்கக்கூடாது என்பதும் புரியும்.

1940 ஜூனில் பிரான்சு விழுந்தது. அந்தச் செப்டம்பரில் நம் கவர்னர் போன்வேன் புதுவையை தெ கோலின் பக்கம் சேர்த்தார். சுதந்திர பிரான்சின் சின்னம் லொரேன் சிலுவை, குறுக்குக் கட்டைகள் இரண்டு உள்ளது. ஸ்வஸ்திகாவுக்கு எதிராக நிறுத்த ஒரு சிலுவை வேண்டும் என்று அதை முன்வைத்தவர் கடற்படைத் தளபதி முய்சேலியே. பாரிசில் பேட்ஜ் செய்த பட்டறைகள் ஜெர்மானியர் கையில் இருந்ததால், லண்டனில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயப் பட்டறைகளில் செய்துகொண்டார்கள். ஆகவே பிரெஞ்சுப் பேட்ஜின் பின்னால் லண்டன் என்று இருந்தால் போலி என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது. ஒரு வேளை அதுதான் மிக உண்மையானதாக இருக்கும்.

இந்தோசீனாவில் இன்னொரு கதை. பாரிசிலிருந்து வந்தவை போதாமல் சைகோனிலும் ஹனோயிலும் உள்ளூர்க் கைவினைஞர்கள் செய்தார்கள். ஓரம் சற்றுக் கோணல், எனாமல் திட்டுத்திட்டாக, ஆனால் டிராகனை மட்டும் பாரிசுக்காரனைவிட நன்றாக வளைத்திருப்பார்கள். சேகரிப்பவர்கள் இன்று அந்தக் கோணலுக்குத்தான் அதிகப் பணம் தருகிறார்கள்.

எனாமல் என்றால் பெயிண்டு என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அது கண்ணாடி. செம்பும் துத்தநாகமும் கலந்த தகட்டை அச்சில் அடித்து, நிறம் வர வேண்டிய இடங்களில் குழி விடுவார்கள். கண்ணாடியைப் பொடியாக அரைத்து, தண்ணீரில் குழைத்து அந்தக் குழிகளில் நிரப்பி, சுமார் 800 டிகிரி உலையில் சில நிமிடம் வைத்தால் உருகி உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். கோபால்ட் சேர்த்தால் நீலம், செம்பு சேர்த்தால் பச்சை, வெள்ளீயத்தின் ஆக்சைடு வெள்ளை. உருகினால் கண்ணாடி அமுங்கும். மறுபடி நிரப்பி மறுபடி சுட வேண்டும். கடைசியில் கல்லில் தேய்த்து மட்டமாக்கி, மெருகேற்றி, அதன் பிறகே உலோகப் பகுதிக்குத் தங்கமோ வெள்ளியோ முலாம். நல்ல பேட்ஜுகளில் நிறம் ஒளி ஊடுருவக் கூடியதாக இருக்கும். அடியில் உலோகத்தில் கோடுகள் வெட்டியிருப்பார்கள், சாய்த்துப் பார்த்தால் தண்ணீருக்குள் அலை தெரிவது போல் தெரியும். பன்னிரண்டு வயதில் நான் கடல் என்று நினைத்தது அதைத்தான்.

கண்ணாடி என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கிவிடும். வளைத்தால் விரிசல் விடும். கீழே போட்டால் தெறிக்கும். தெறித்ததை மறுபடி உலைக்குக் கொண்டுபோகாமல் உண்மையாகச் சரிசெய்ய வழி கிடையாது. அமிலத்தில் ஊறப்போட்டால் கண்ணாடியின் மெருகு மங்கும், ஓரத்தில் பிடிமானம் தளரும், முலாமும் போகும். ஓர் இரவில் இத்தனையையும் நான் ஒருவனே செய்து முடித்திருக்கிறேன்.

பிற்காலத்தில் செலவைக் குறைக்கச் சுடாத எனாமல் வந்தது. நிறமேற்றிய பிசின்தான். தூரத்தில் வித்தியாசம் தெரியாது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள், கண்ணாடி சட்டென்று குளிரும். பூதக்கண்ணாடியில் நுண்ணிய காற்றுக் குமிழ்கள் தெரியும். பிசின் மேற்பரப்பு குழிகளின் நடுவே கொஞ்சம் பள்ளமாக இருக்கும், ஊசி முனை பட்டால் கோடு விழும். சந்தையில் நெயில் பாலிஷ் வைத்துத் தெறித்த இடத்தை நிரப்பி விற்பவர்களும் உண்டு. ஒரு தடவை நானும் ஏமாந்திருக்கிறேன், போகட்டும்.

இனி முதுகு. பேட்ஜை எடுத்ததும் திருப்புங்கள். முகம் என்ன வேண்டுமானாலும் சொல்லும், முதுகு சுலபத்தில் பொய் சொல்லாது. ஊசி எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது, பின்பக்கம் வழவழப்பா சொரசொரப்பா, யார் செய்தது என்ற முத்திரை, எல்லாம் அங்கே. பாரிசின் பெரிய பட்டறைகளில் ஆர்துஸ் பெர்த்ரான் 1803-ல் தொடங்கிய நிறுவனம். இராணுவப் பேட்ஜில் அதிகம் கண்ணில் படும் பெயர் திராகோ. லியோனில் ஒழிஸ். திராகோ பட்டறை தன் விலாசத்தையும் சேர்த்து அடித்துவிடும், அதனால் நமக்கு லாபம். பெராஞ்ஜே தெரு என்றிருந்தால் பழையது. ஒலிவியே மெத்ரா தெரு என்றால் அதற்குப் பிந்தியது. போருக்குப் பிறகு வேன்சேன் கோட்டையில் உள்ள இராணுவ வரலாற்றுத் துறை ஒவ்வொரு பேட்ஜையும் பதிவுசெய்து எண் கொடுத்தது. தரைப்படைக்கு ‘ழே’ எழுத்தோடு ஓர் எண். ஃபைலுக்கு நம்பர் போட்டே ஆயுளைக் கழித்தவனுக்கு இதைப் பார்த்தால் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல வேண்டியதில்லை.

போன வருடம் அக்கா, பெரியப்பாவின் மூத்த மகள், ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். எண்பது தாண்டிவிட்டது அவளுக்கு. பிள்ளைகள் பிரான்சில். பிஸ்கட் டின் மேசைமேல் திறந்திருந்தது. வீட்டைக் காலி செய்யப்போவதால் சில பழைய பொருள்களை ஒரு வெளிநாட்டுக்காரரிடம் காட்டியிருக்கிறாள். அவர் மெடல்களைப் பார்த்துத் தலையாட்டினாராம். பேட்ஜைத் திருப்பிப் பார்த்ததும் மேசையில் வைத்துவிட்டு, இது இந்தோசீனா காலத்துடையதே இல்லை, உங்கள் அப்பா இதை அங்கே அணிந்திருக்க முடியாது என்று சொன்னாராம்.

“அப்பா அங்க போகவே இல்லன்னு சொல்றானா தம்பி? எங்கம்மா எத்தனை வருஷம் தனியா கிடந்தாங்க தெரியுமா?” என்றாள் அக்கா. குரல் நடுங்கியது. விற்பதைப் பற்றிய பேச்சே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

பேட்ஜை எடுத்தேன். கன்னத்தில் வைத்தேன். குளிரவில்லை. நீலத்துக்குள் அலை இல்லை, வெறும் நிறம். திருப்பினேன். திராகோ. அதன் கீழே மார்ன்-லா-வல்லே.

மார்ன்-லா-வல்லே பாரிசுக்குக் கிழக்கே, இப்போது டிஸ்னிலேண்டு இருக்கிற பக்கம். 1970களில் அரசாங்கம் திட்டம் போட்டு உருவாக்கிய புதுநகரம். இந்தோசீனப் போர் 1954-ல் ஜெனீவாவில் முடிந்துவிட்டது. அந்தப் போரில் இருந்த எந்தச் சட்டையிலும் இந்தப் பேட்ஜ் தொங்கியிருக்க வழியே இல்லை. வந்தவர் சொன்னது சரிதான்.

அக்காவிடம் உடனே எதுவும் சொல்லவில்லை. முதலில் காகிதங்களைக் கேட்டேன். பெரியப்பாவின் இராணுவப் புத்தகம், லிவ்ரே, பீரோவில் துணிக்கு அடியில் இருந்தது. சேர்ந்த தேதி, கப்பல் ஏறிய தேதி, சைகோனில் இறங்கிய தேதி, பிரிவு மாறிய தேதிகள், எல்லாம் குமாஸ்தாவின் சாய்ந்த கையெழுத்தில், முத்திரையோடு. பிரெஞ்சு நிர்வாகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், ரெஜிஸ்தர் எழுதுவதில் குறை சொல்ல முடியாது. கூடவே ஒரு புகைப்படம். வெள்ளை வெயிலில், தொப்பியோடு, ஒரு மூங்கில் வேலியின் முன்னால் நிற்கிறார். முப்பது வயதுகூட இருக்காது. பூதக்கண்ணாடியை வைத்தேன். வலது பையில் தோல்பட்டை. அதன் முனையில் சிறு நங்கூரம்.

ஆக, அந்த மனிதர் அங்கே இருந்தார், பேட்ஜும் அங்கே இருந்தது. இப்போது மேசையில் இருப்பது மட்டும் அந்தப் பேட்ஜ் அல்ல. பழையது என்னவாயிற்று என்று தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் நான்.

சொன்னேன். புளி, செங்கல் பொடி, துவைக்கிற கல், எதையும் விடாமல். அறுபது வருடமாக யாரிடமும் சொல்லாதது.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 1980களில் அப்பா மகனைப் பார்க்கப் பாரிஸ் போனாரே, அப்போது ஊர் சுற்றிப் பார்க்கக்கூட வராமல், முதல் வாரமே இராணுவச் சாமான் விற்கிற கடை எங்கே என்று கேட்டு மகனை அழைத்துக்கொண்டு போனாராம் என்றாள். “பழசு தொலைஞ்சு போச்சு, புதுசு வேணும்னு சொன்னாராம்.”

உடைந்துபோயிற்று என்று சொல்லவில்லை. தொலைந்துபோயிற்று என்று சொல்லியிருக்கிறார்.

பழையதைத் தேடினோம். டின்னின் அடியில் விரித்திருந்த காகிதத்தைக்கூட எடுத்துப் பார்த்தோம். கிடைக்கவில்லை.

அக்கா டின்னை விற்கவில்லை, என்னிடம் கொடுத்துவிட்டாள். உங்களில் பலர் வீட்டிலும் இப்படி ஒரு டின் இருக்கும் என்று தெரியும், அதனால் நான் செய்ததைச் சொல்கிறேன். மெடல்களும் பேட்ஜுகளும் ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டு கிடந்தன. ஒன்றின் ஊசி இன்னொன்றின் எனாமலைக் கீறும். ஒவ்வொன்றையும் கஞ்சி போடாமல் துவைத்த மெல்லிய பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றினேன். சில பேட்ஜுகள் பிசுபிசுப்பான பிளாஸ்டிக் உறையில் இருந்தன, அவற்றில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அந்த மெதுவான பி.வி.சி. உறையே நாளடைவில் அமிலம் விடும், அதை முதலில் தூக்கி எறியுங்கள். களிம்பை மூங்கில் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டினேன், உலோகக் கருவி கூடாது. காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு தடவை துடைத்து உடனே காயவிட்டேன். பிராஸோ போன்ற மெருகுத் திரவம் வேண்டாம், முலாமைத் தின்றுவிடும், இடுக்குகளில் வெள்ளையாக உறைந்தும் நிற்கும். புளியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தோல்பட்டை இருந்தால் கழற்றித் தனியே வையுங்கள், தோலில் இருக்கும் அமிலம் செம்பைப் பச்சையாக்கும். நம் ஊர்க் கடற்காற்றில் உப்பு உண்டு, ஆகவே மூடி இறுக்கமான டப்பாவில் புதுச் செருப்பு வாங்கும்போது கிடைக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு, வருடத்துக்கு ஒரு தடவை மழைக்காலத்துக்கு முன்னால் மாற்றுகிறேன்.

அவ்வளவையும் செய்துவிட்டு, எழுதி வைக்கவில்லை என்றால் பாதி வேலைதான். எது யாருடையது, எந்த வருடம், யார் சொன்னது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. பேனா மை பரவும், பென்சிலில் எழுதுங்கள். பெயர் தெரிந்தவர்கள் போன பிறகு பேட்ஜ் வெறும் தகரம். அதற்கு எந்தச் சந்தையிலும் விலை உண்டு, வீட்டில்தான் மதிப்பிருக்காது.

நங்கூரப் பேட்ஜுக்கும் அட்டை எழுதினேன். பழைய பழக்கம், குறிப்பு எழுதுவது போலவே வந்தது: ‘திராகோ, மார்ன்-லா-வல்லே. சுடாத எனாமல். 1980களில் பாரிசில் வாங்கியது. இந்தோசீனப் போர்க்காலத்தது அல்ல. காலமாகும் வரை ஒவ்வொரு ஜூலை 14-லும் நவம்பர் 11-லும் அணியப்பட்டது. முதல் பேட்ஜ்: காண்க, லிவ்ரேயுடன் உள்ள புகைப்படம்.’

அக்காவிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக் கேட்டுவிட்டு, ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்றாள்.

“பழசை உடைச்சது யாருன்னு எழுதலியே?”

எழுதினேன். பென்சிலில்தான்.